சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன்

டொக். டொக். டொக்.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் நான் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. வெளியே பனிமூட்டம் வாசல் வரை வந்து நின்றது. அடுப்பில் ஈர விறகு புகைந்தது. கண் கலங்கியதற்கு விறகுதான் காரணம் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நம்பியதுபோலத் தலையை ஆட்டினார்.

அண்ணன் அடித்துக்கொண்டிருந்தது தேயிலைப் பெட்டிக்கு மூடி. அந்தப் பெட்டிகளில் எங்கள் தோட்டத்துத் தேயிலை கப்பலேறிப் போகும். இந்த முறை அண்ணனின் சட்டி பானையும் போர்வையும் போகப்போகின்றன. இன்னும் பன்னிரண்டு நாளில் மனைவி மக்களோடு அவன் இந்தியாவுக்குப் போகிறான். போனால் போனதுதான். திரும்பி வருகிற பயணமில்லை.

அப்போது நானும் அவனும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி கேட்டு யாரும் கடிதம் போட வேண்டாம். நாள் கணக்கை ஞாபகமாகச் சொல்லி நான் பட்டது போதும். அந்தக் கதையைத்தான் இந்தக் கிழமைப் பத்தியில் எழுதப்போகிறேன்.

முதுகோடு முதுகு

இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டம். லயத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. லயம் என்றால் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடு, எங்களுடையது இரட்டை லயம். முன்பக்கம் பன்னிரண்டு காம்பிரா, பின்பக்கம் பன்னிரண்டு காம்பிரா. காம்பிரா என்றால் ஒரு குடும்பத்துக்கு ஒரே அறை. நடுவில் நீளமாக ஒரே சுவர், முதுகோடு முதுகாக. அந்தச் சுவரும் கூரைத் தகரம் வரை போகாது. மேலே ஒரு முழ இடைவெளி. அவர்கள் கருவாடு சுட்டால் நம் வீட்டில் மணக்கும்.

என் காம்பிரா முன்பக்கம் நடுவில். அண்ணனுடையது நேர் பின்னால். எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு செங்கல் அகலம்தான் இருந்தது. ஆனால் அவன் வாசலுக்குப் போக வேண்டுமானால் லயத்தின் கோடி வரை நடந்து, தண்ணீர் விழும் பீலியைத் தாண்டி, மறுபக்கம் அதே அளவு நடக்க வேண்டும்.

அண்ணன் பெயர் முத்தையா. என்னைவிட இரண்டே வயது மூத்தவன், அதனால் எப்போதும் ‘நீ’தான். அம்மாவும் அப்பாவும் சீக்கிரமே போய்ச்சேர்ந்தார்கள். அதன்பிறகு எனக்கு இருந்த ஒரே சொந்தம் அவன். நான் பிள்ளை மடுவத்தில் ஆயாவாக வேலை செய்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கொண்டுவந்து விடும் குழந்தைகளை மாலை வரை பார்த்துக்கொள்ளும் வேலை. ஊரார் பிள்ளைகளிடம் பொறுமைசாலி. பெரியவர்களிடம் கோபக்காரி. இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று என் மகள் கேட்பாள்.

இரண்டு பொங்கல்

சுதந்திரம் கிடைத்த கையோடு, பாட்டன் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, எங்களை இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்றாக்கிவிட்டார்கள். வேண்டுமானால் விண்ணப்பம் போடு, இத்தனை வருஷம் விடாமல் இங்கேதான் இருந்தேன் என்று நிரூபி என்றார்கள். நடுவில் ஒரு வருஷத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் எல்லாம் போச்சு. அண்ணனும் விண்ணப்பம் போட்டான். இரண்டு மூன்று வருஷம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்பா ஒருமுறை எங்களை இந்தியாவுக்குக் கூட்டிப்போயிருந்தார். அண்ணனுக்குக் குலசாமி கோயிலில் மொட்டையடிக்கும் நேர்த்திக்கடன். போன இடத்தில் அப்பா காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் எழுந்து நடமாடும் வரை அங்கேயே தங்கினோம். எனக்கு எட்டு வயதிருக்கும். அந்த ஊர் மண் சுட்ட சூடு இன்னும் என் பாதத்தில் இருக்கிறது. குளிரிலேயே வளர்ந்த பிள்ளைக்கு அது பெரிய அதிசயம். நடக்கவே மாட்டேன் என்று அண்ணன் முதுகில் ஏறிக்கொள்வேன். மொட்டைத் தலையில் தாளம் போட்டுக்கொண்டே போவேன். அவனும் ஒரு வார்த்தை சொல்லாமல் சுமப்பான்.

விசாரணைக்கு முதல் நாள் அண்ணன் தெளிவாகத்தான் சொன்னான். “கேட்டா ஆறு மாசம்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத.”

கந்தோரில், அரசாங்க அலுவலகத்தில், பெரிய மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தமிழில் கேட்டுச் சொல்ல இன்னொருவர். அண்ணனிடம் கேட்டுவிட்டு, சின்ன வயது சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்காரர் மிரட்டவே இல்லை. சிரித்த முகம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும் என்பதுபோல அவர் ஏதோ சொல்ல, மற்றவரும் சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. யாருக்கு ஞாபகம் இல்லை? எனக்கா?

“நல்லா ஞாபகம் இருக்குங்க. ரெண்டு பொங்கல் அங்கதான் கும்பிட்டோம். மொத பொங்கலுக்கு மழை. ரெண்டாவது பொங்கலுக்குப் பானை ஒடஞ்சிருச்சு” என்றேன்.

பொங்கல் வருஷத்துக்கு ஒன்று. இரண்டு பொங்கல் என்றால் ஒரு வருஷம் முழுதாக முடிந்தது என்று எந்தப் பேனாவுக்கும் தெரியும். மேசைக்காரர் எழுதினார். அண்ணன் என் பக்கம் திரும்பவேயில்லை. அவன் காது மட்டும் சிவந்திருந்தது.

பஸ்ஸில் வரும்போதும் பேசவில்லை. தோட்டத்து முடக்கில் இறங்கியதும், பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். “இனிமே நீ எனக்குத் தங்கச்சி இல்ல. ஒன் வாயால என் புள்ளைங்க தலையில மண்ண அள்ளிப் போட்டுட்ட.”

நான் அழுதிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா?

“நான் உண்மையத்தான் சொன்னேன். பொய் சொல்லி வாங்குறதுக்கு நீ என்ன திருடனா?” என்றேன்.

கொஞ்ச நாளில் இல்லை என்று கடிதம் வந்தது. என் கதை வேறு மாதிரி முடிந்தது. என் வீட்டுக்காரரின் விண்ணப்பம் எப்படியோ தேறியது, அவரோடு சேர்ந்து நானும் பிரஜையாகிவிட்டேன். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தி நாட்டுக்காரி, ஒருவன் யாருமில்லாதவன். நடுவில் ஒரு செங்கல்.

மிளகாய்

அதோடு போயிருந்தால்கூட ஆறியிருக்கும். என் மகளுக்குக் காது குத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். அது மாமனின் உரிமை, மாமன் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்குக் குறை. என் வீட்டுக்காரர் வெற்றிலை பாக்கோடு போய் அழைத்தார். அண்ணன் தட்டைத் தொடவில்லையாம். வேலை இருக்கிறது என்றானாம். ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? யாரோ ஒரு தூரத்து உறவினர் மடியில் என் பிள்ளை வீறிட்டு அழுதது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

அப்போதுதான் நான் மிளகாயை எடுத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கெடுதல் செய்தவன் மேல் காளியிடம் முறையிட, காய்ந்த மிளகாயை அரைத்துச் சிலையில் பூசுவார்கள். அவன் கண் எரிய வேண்டும், குடல் எரிய வேண்டும். ஒரு கைப்பிடி மிளகாயை முந்தானையில் முடிந்துகொண்டு, மடுவத்து வேலை முடிந்த கையோடு கோயில் பாதையில் இறங்கினேன். வெயில் இன்னும் மலை மேல் மஞ்சளாகக் கிடந்தது.

எதிரே மெனிக்கே வந்தாள்.

மெனிக்கே தோட்டத்துக்குக் கீழே இருக்கும் சிங்கள ஊர்க்காரி. புருஷனை இழந்தவள், என்னைவிடப் பத்து வயது கூட. லயத்துக்கு வெற்றிலையும் கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து விற்பாள். என்னை ‘நங்கி’ என்பாள், தங்கச்சி என்று அர்த்தம். நான் அவளை ‘அக்கே’ என்பேன். அன்று போயா தினம், பௌர்ணமி. தலை முதல் கால் வரை வெள்ளைச் சேலை, கையில் வாடிய பூக்கூடை. பன்சலைக்கு, அவர்கள் விகாரைக்கு, போய்விட்டு வருகிறாள்.

“எங்க போற நங்கி? மொகம் சரியில்லே நே.”

அவள் என் முந்தானை முடிச்சை மோந்து பார்த்தாள்.

“மிளகாயா? யாருக்கு?”

“எங்க அண்ணனுக்கு.”

ஐயோ பாவம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாவகாசமாக ஒரு கல்லில் உட்கார்ந்தாள். “எங்க ஊர்லயும் தேவாலேல, சாமி கோயில்ல, அரைக்கிறாங்க. நானும் அரைச்சிருக்கேன், சோமாவதிக்கு.”

சோமாவதி அவள் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு பேருக்கும் வயலுக்குப் போகும் வாய்க்கால் தண்ணீரில் தகராறு. மூன்று வருஷப் பகை.

“எரிஞ்சிச்சா?” என்றேன் ஆவலாக.

“எனக்குத்தான் எரிஞ்சிச்சி. அரைச்ச கையோட கண்ணத் தொட்டுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த காரியத்துக்குச் சிரிப்பு ஆகாது என்று அடக்கினேன்.

நாலாவது ஆள்

அந்தக் கல்லில் உட்கார்ந்து அவள் சொன்னதை அவள் தமிழிலேயே எழுத ஆசை, என்னால் முடியவில்லை. போயாவுக்குப் போனால் கண்ணை மூடி உட்கார்ந்து நல்லது நினைக்க வேண்டுமாம். முதலில் தனக்கு: நான் நன்றாக இருக்க வேண்டும். பிறகு பிடித்தவர்களுக்கு. அதற்குப் பிறகு முன்பின் தெரியாதவர்களுக்கு. கடைசியாக, நாலாவதாக, நமக்கு ஆகாதவருக்கு. அவரும் நன்றாக இருக்க வேண்டும், நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

“மூணு பேருக்கும் நல்லா போகுது நங்கி. நாலாவது சோமாவதி வர்றா. மூச்சு முட்டுது. எந்திரிச்சி வந்துர்றேன். மூணு வருசமா அந்த எடத்துலயே நிக்கிறேன்.”

“அவ செஞ்சது தப்பாச்சே. தப்பு செஞ்சவளுக்கு எதுக்கு நல்லது நெனைக்கணும்?”

“தப்பு தப்புதான். யாரு இல்லேன்னா? அதுக்குப் பலன் அவளுக்கு வரும். ஆனா என் தரஹ இருக்கு நே, கோவம், அது அவ வீட்ல சோறு திங்கல்ல. என் வீட்லதான் தின்னுது. மூணு வருசமா நான்தான் ஆக்கிப் போடுறேன்.”

எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஊமையாக இருக்கச் சொல்லும் பேச்சு என்று பட்டது. தோட்டத்தில் எங்களுக்கு நடந்த அநியாயத்துக்கெல்லாம் பலன் வரும், பலன் வரும் என்று உட்கார்ந்திருந்தால் ஒரு பீலிகூட வந்திருக்காது. அதைச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

“பீலி கேக்குறதுக்குப் போ. சத்தம் போடு. நானும் வாறேன். மிளகாய் எதுக்கு?”

எங்கள் சண்டைக் கதை லயம் முழுக்கத் தெரிந்தது, அவளுக்கும் தெரியும், திடீரென்று கேட்டாள். “அன்னைக்கு அந்தக் கந்தோர்ல, அண்ணனக் கெடுக்கணும்னு நெனச்சா சொன்ன?”

“சத்தியமா இல்ல.”

“அப்ப என்ன நெனச்ச?”

பௌத்தர்களைப் பொறுத்தவரை நல்லதும் கெட்டதும் கையில் இல்லை, வாயில் இல்லை, அந்த நேரத்து மனதில் இருக்கிறது. நான் உண்மையைச் சொன்னேன், உண்மையைச் சொன்னேன் என்று இத்தனை வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அன்றைக்கு என் மனதில் இருந்தது உண்மை மேல் இருந்த பக்தியா? இல்லை. பெருமை. அண்ணனுக்குத் தெரியாததும் எனக்குத் தெரியும் என்கிற பெருமை. மேசைக்காரரின் சிரிப்பை அடக்கிவிட வேண்டும் என்கிற வீம்பு. அதற்கு என் அண்ணனின் நாட்டைக் கொடுத்தேன்.

அதை அவளிடம் சொல்லவில்லை. மிளகாயை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சம்பலுக்கு அரைத்தேன். அண்ணனோடு பேசவுமில்லை. மனிதர்கள் ஒரே நாளில் திருந்துவதெல்லாம் நாடகத்தில்தான்.

மலைக்கு முன்

அண்ணன் பெட்டிக்கு ஆணி அடித்த அந்த ஞாயிறுக்கு வருகிறேன். அன்று மத்தியானம் மெனிக்கே வந்தாள். அவள் ஊரிலிருந்து ஆறேழு பெண்கள் ஒரு கூட்டமாகச் சிவனொளிபாத மலைக்குப் போகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு ‘நடே’ என்று பெயர். வழி தெரிந்த ஒரு கிழவர் முன்னால் போவார். வருகிறாயா என்று கேட்டாள். அவர்களுக்கு அது புத்தர் பாதம், நமக்குச் சிவன் பாதம். மலை யாரையும் கேட்பதில்லை. நான் சரி என்றேன்.

“ஒரு காரியம் இருக்கு. ஏற முந்தி, சண்டை போட்ட ஆளுங்க வீட்டுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேக்கணும். எங்க ஊர்ல அப்படித்தான். மனசுல தரஹ வச்சிக்கிட்டு ஏறக்கூடாது.”

“நீங்க சோமாவதிகிட்ட கேட்டீங்களா?”

“கேட்டேன்” என்றாள், ஏதோ பல் பிடுங்கியதைச் சொல்வதுபோல. “கும்பிட்டு விழுந்தேன். அவ பயந்து போயி, நான் சாகப்போறேன்னு நெனச்சி அழுதுட்டா. தேத்தண்ணி குடுத்தா. சீனி போடல்ல. பரவால்லே.”

எனக்கும் ஆசைதான். ஆசை என்று சாதாரணமாக எழுதுகிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் இருமினால் இந்தப் பக்கம் எனக்குத் தொண்டை கமறும். இன்னும் சில நாளில் அந்த இருமல்கூட இருக்காது. ஒரே ஒரு தடவை ‘அண்ணே’ என்று கூப்பிட்டு, ‘என்ன’ என்று அவன் கேட்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று இருந்தது.

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டேன். கோடி வரை நடந்தேன். பீலியடியில் அண்ணி பானை விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தினாள். ஈயம் போன அந்தப் பானையைப் பார்த்தேன், போட்டுவிட்டுப் போகவேண்டிய பானையை எதற்கு இப்படித் தேய்க்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த நினைப்பு காது குத்து. வெற்றிலைத் தட்டு. திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் மெனிக்கே கேட்டாள். “கேட்டியா?”

“கேட்டேன்” என்றேன்.

உண்மை பேசுகிறவள் என்று பெயரெடுத்த இந்தப் பார்வதி சொன்ன பொய் அது.

கருணாவாய்

மஸ்கெலியா வரை பஸ். இரவு அம்பலத்தில், வழிப்போக்கர் மடத்தில், தங்கி, பொழுது விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். முதல் அரைமணி நேரத்திலேயே முழங்கால் கெஞ்சியது. “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டேன். ஆறு பெண்களும் ஒரே நேரத்தில் உஸ் என்றார்கள். அதைக் கேட்கவே கூடாதாம். களைத்துவிட்டது என்றும் சொல்லக்கூடாதாம். கடுமையான பேச்சு பேசக்கூடாது. எனக்குப் பாதி வாயைக் கட்டிப்போட்டதுபோல் இருந்தது.

பேச வேண்டிய வார்த்தை ஒன்றுதான். கும்பிட்டுவிட்டு இறங்கி வருகிறவர்கள் எதிரில் வரும்போது ‘கருணாவாய்’ என்பார்கள். ஏறுகிற நாமும் ‘கருணாவாய்’ என்று திருப்பிச் சொல்ல வேண்டும். கருணை உண்டாகட்டும் என்று அர்த்தம். நடுநடுவே நம்முடைய ஆட்கள் ‘அரோகரா’ என்று வருவார்கள், அவர்களுக்கும் பதில் உண்டு. பல்லில்லாத கிழவி, குழந்தையைத் தோளில் தூக்கிய தகப்பன், வெறுங்காலோடு ஒரு போலீஸ்காரர், யார் எவர் என்று பார்ப்பதில்லை. கருணாவாய், கருணாவாய்.

எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்? முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் கருணை கேட்ட வாய் இது. கூடப் பிறந்தவனுக்கு ஒரு ‘என்னண்ணே’ சொல்லவில்லை. ஏற ஏற மூச்சு வாங்கியது. மூச்சோடு அழுகையும் வந்தது. களைப்பு என்று நினைத்து ஒருத்தி கருப்பட்டித் துண்டு கொடுத்தாள்.

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. பாதத்தைக் கும்பிட்டோம். பிறகு மெனிக்கே கைகூப்பி நின்று, தான் ஏறிய புண்ணியத்தைப் பங்கு பிரித்தாள். அது அவர்கள் வழக்கம். கிடைத்ததைத் தானே வைத்துக்கொள்ளக்கூடாது. செத்துப்போன புருஷனுக்கு, தாய் தகப்பனுக்கு, சோமாவதிக்கு. சோமாவதி பெயரைச் சொல்லும்போது மூச்சு முட்டவில்லை, கவனித்தேன். கடைசியாக, நங்கியின் அண்ணனுக்கு, கடல் தாண்டிப் போகிறவருக்கு, போகிற இடத்தில் நன்றாக இருக்கட்டும் என்றாள்.

என்னால் தாங்க முடியவில்லை. “அக்கே, நான் கேக்கல. பொய் சொன்னேன்.”

மெனிக்கே திரும்பினாள். அந்த வெள்ளைச் சேலைக்குள் அப்படியொரு கோபம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

“பொய்யா? ஸ்ரீ பாதத்துக்கு வந்து பொய்யா? சோமாவதி கால்ல நான் விழுந்தேன்! நான்! ஒனக்கு ஒன் சொந்த அண்ணன்கிட்ட பேச வாய் இல்லியா? கழுத!”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வழிகாட்டிக் கிழவர் இருமினார். மெனிக்கே சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

“அனே… இப்ப எனக்கு தரஹ வந்திருச்சி நே.”

“என்னாலதான் அக்கே.”

“ஒன்னால இல்லே. உள்ள இருந்திச்சி. உச்சி வரைக்கும் கூடவே ஏறி வந்திருக்கு பாரு.” பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள். “சோமாவதி எடம் காலியாத்தான் இருந்திச்சி. அடுத்த போயாவுக்கு நாலாவது ஆளு நீதான்.”

இறங்கும்போது பாதி வழி வரை அவள் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தவர்களுக்குக் கருணாவாய் சொல்லிவிட்டு, என் பக்கம் மட்டும் முறைத்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு அவள் மேல் ஆசையாக இருக்கிறது. கருணை என்பது கோபமே வராதவர்களின் சொத்து என்று அதுவரை நினைத்திருந்தேன்.

சுற்றி வரும் தூரம்

வீடு வந்து சேர்ந்தது புதன்கிழமை மத்தியானம். இந்த வெள்ளி இல்லை, அடுத்த வெள்ளிதான் லொறி என்று நீங்கள் கணக்குப் பார்க்கலாம். நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் நான் மலையில் இருந்தபோது கப்பல் நாள் மாறி, பயணம் ஒரு கிழமை முன்னால் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சொன்னார். “நாளான்னைக்குக் காலைல போறாங்க.”

எழுந்து ஓட வேண்டும் என்று இருந்தது. கால் இரண்டும் வீங்கி மரக்கட்டையாகக் கிடந்தன. சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் விறகு கொண்டுவரப் போய்விட்டார். பின்னால் அதே சத்தம். டொக். டொக்.

ஒன்பது வருஷம் எனக்குத் தோன்றாத ஒன்று அப்போது தோன்றியது. சுற்றிப் போக வேண்டியதில்லை.

“அண்ணே” என்றேன்.

சத்தம் நின்றது. கூரைத் தகரத்தில் காகம் நடப்பது கேட்டது.

“என்ன?”

அந்த ஒரு ‘என்ன’வுக்குத்தான் நான் ஆசைப்பட்டிருந்தேன், அதற்கு மேல் யோசித்து வைக்கவில்லை.

“கேக்குதா?” என்றேன் பைத்தியக்காரிபோல.

“கேக்காம என்ன? ஒம்பது வருசமா கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். நீ அழுதாலும் கேக்கும், என்னயத் திட்டினாலும் கேக்கும். ஒன் வீட்டுக்காரரு கொறட்டையில எனக்குப் பாதி நாள் தூக்கம் இல்ல.”

சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை.

“காது குத்துனப்ப புள்ள அழுததும் கேட்டுச்சு” என்றான். குரல் இறங்கிவிட்டது. “அன்னைக்கு சட்டையெல்லாம் போட்டுக்கிட்டுப் பொறப்பட்டேன். சுத்தி வரணும்ல? பீலிகிட்ட வர்றதுக்குள்ள மறுபடியும் கோவம் வந்துருச்சு. திரும்பிட்டேன்.”

“நானும் பீலி வரைக்கும் வந்தேண்ணே.”

“தெரியும். ஒங்க அண்ணி சொன்னா.”

சொல்லிவிட வேண்டும் என்று சொன்னேன். “அந்த ரெண்டு பொங்கல், நான் பெருமைக்குத்தான் சொன்னேன். உண்மைக்காக இல்ல. அப்புறம் ஒன்னயத் திருடன்னு சொன்னேன்.”

அந்தப் பக்கம் சுத்தியலைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“நீ சொல்லாட்டி வேற ஒண்ணச் சொல்லித் தள்ளியிருப்பானுங்க. நம்ம லயத்துல எத்தன பேருக்குக் கெடச்சிச்சு? அவனுங்க மேல கோவப்பட்டு நான் எங்க போயிக் கத்துறது? நீ பக்கத்துல இருந்த.”

நீ பக்கத்துல இருந்த. அதற்கு மேல் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. சுவரைப் பிடித்து எழுந்தேன். காலை இழுத்து இழுத்து வாசலுக்கு வந்தேன். பீலிப் பக்கம் சறுக்கும் என்று மற்றக் கோடி வழியாகப் போனேன். ஒவ்வொரு காம்பிராவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு போய், மறுபக்கம் திரும்பி, அண்ணன் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தால் பாதி அடித்த பெட்டியும் சுத்தியலும்தான் இருந்தன. அண்ணி மட்டும் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள்.

“அவரு பீலிப் பக்கமா ஒங்க வீட்டுக்குப் போயிருக்காரு.”

சுவருக்கு அந்தப் பக்கம், என் வீட்டுக்குள்ளிருந்து, அண்ணன் கத்தினான். “எங்க போய்த் தொலஞ்ச?”

“ஒன் வீட்லண்ணே!”

“அங்கயே நில்லு. நடக்காத. நான் வாறேன்.”

வந்தான். நரைத்திருந்தான். ஒன்பது வருஷமாகத் தினமும் பெரட்டில் கண்ட முகம்தான். அருகில் பார்த்தபோதுதான் நரை தெரிந்தது. நின்றுகொண்டே என் காலைப் பார்த்தான். “வீங்கியிருக்கே” என்று குனிந்து, பெட்டி மேல் உட்கார வைத்தான்.

மன்னிப்பு என்ற வார்த்தையை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. புதன் மாலையும் வியாழன் முழுவதும் எங்களுக்குக் கிடைத்தன. என் மகளைத் தன் மடியில் உட்கார வைத்துக்கொண்டு, ஆறிப்போன காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு வீட்டுச் சோற்றையும் ஒரே சட்டியில் போட்டுச் சாப்பிட்டோம். ஒன்பது வருஷத்துக்கு ஒன்றரை நாள். அதுதான் எங்களுக்கு வாய்த்தது. கோபமாக இருந்த அத்தனை நாளையும் யாரிடமாவது திருப்பிக் கேட்டு வாங்க முடியுமானால், இந்த வயதிலும் நான் நடந்தே போய்க் கேட்பேன்.

அண்ணனை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. சில கடிதங்கள் வந்தன. பிறகு அவன் மகன் எழுதிய ஒரு கடிதம் வந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக லொறி வந்தது. பெட்டிகளை ஏற்றினார்கள். பிள்ளைகள், அண்ணி, கடைசியாக அண்ணன். பனி தூறிக்கொண்டிருந்தது. எனக்கு மேலே போர்த்த எதுவும் இல்லை, ஓடி வந்த வேகத்தில் மறந்துவிட்டேன். லொறி அசைந்தபோது அண்ணன் பின்தட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

“உள்ள போ பார்வதி, குளுருது” என்றான்.

நான் போகவில்லை.